தாத்தாவின் சீ கிங்: எது ஒரிஜினல், எது மாற்றினது?

11 ஜூன் 2023
அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது:
"அண்ணாச்சி, தாத்தா கையில் கட்டியிருந்த ஃபேவர் லூபா கம்பெனியின் சீ கிங் வாட்ச் இப்போது என்னிடம் இருக்கிறது. நீல டயல். புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். 'டயல் கம்பெனி டயல்தான், எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. சாவி கொடுக்கிற திருகு, அந்தக் கிரவுன்தான் மாத்தினது, அதனால முழு ஒரிஜினல்னு சொல்ல முடியாது' என்றார். படம் போட்டிருக்கிறேன். இது ஒரிஜினலா, இல்லையா?"

11 ஜூன், இரவு
தம்பி, கடைக்காரர் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டால் சரியாக வரும். கிரவுன் மாறியிருப்பது எனக்கு ஒரு விஷயமே இல்லை. தினமும் காலையில் சாவி கொடுக்கிற வாட்சில் முதலில் தேய்வது அதுதான். விளிம்புப் பல் மழுங்கும், உள்ளே இருக்கும் வளையம் இறுகிப் போகும், வேர்வை இறங்கும். அறுபது வருஷப் பழைய வாட்சில் முதல் கிரவுனே இருந்தால், அதை எத்தனை நாள் கட்டினார்கள் என்றுதான் கேட்பேன். கண்ணாடியும் அப்படித்தான், வாட்சை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங்கும் அப்படித்தான். அந்தக் கால எஃகு ஸ்பிரிங் அறுந்தால் புதுசு போடாமல் வாட்ச் ஓடாது.

எனக்கு உறுத்துவது அந்த டயல். நம் ஊர் வெயிலில், வேர்வையில், தாமிரபரணிக் கரை ஈரத்தில் அத்தனை வருஷம் இருந்த டயலில் ஒரு புள்ளிகூட இல்லை என்பதுதான் சந்தேகம்.

ஒட்டுமொத்த வாட்சைப் பார்த்து 'ஒரிஜினலா' என்று கேட்டால் பதில் வராது. டயல் இந்தக் கேஸோடு, அதாவது வெளிக்கூட்டோடு வந்ததா, மிஷின் இந்த டயலுக்கு உரியதா, முட்கள் யாருடையவை என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பும் கிடையாது. டயல் போனால் பாதி போனது. கிரவுன் போனால் ஒன்றும் போகவில்லை.

பின்மூடியைத் திறக்கச் சொல்லி, மிஷினையும் மூடியின் உட்புறத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். நீங்களே கத்தி வைத்து நெம்ப வேண்டாம்.

13 ஜூன்
டயல் படத்தைப் பெரிதாக்கி உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை வரிசை இல்லாமல் சொல்கிறேன்.

6 மணிக் கோட்டுக்குக் கீழே, டயலின் ஓரத்தோடு ஓரமாக, பொடி எழுத்தில் 'ஸ்விஸ் மேட்' என்று இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். பல வாட்சுகளில் அதில் பாதி விளிம்புக்குள் ஒளிந்துகூட இருக்கும். உங்கள் டயலில் அது இல்லவே இல்லை. மறுபடி பெயின்ட் அடிப்பவர்கள் அதை விட்டுவிடுவார்கள், அல்லது ஓரத்தில் எழுத வராமல் மேலே தூக்கி எழுதிவிடுவார்கள்.

அடுத்தது நிமிஷக் கோடுகள். மணிக்குறிகள் உலோகத்தில் செய்து பதித்தவை, அவை நகராது. அச்சடித்த நிமிஷக் கோடு ஒவ்வொரு மணிக்குறிக்கும் நட்டநடுவில் வந்து விழ வேண்டும். உங்களுடையதில் 4 மணியிலும் 8 மணியிலும் கோடு ஓரமாகச் சரிந்து நிற்கிறது. 11 மணிக்குறியின் அடியில் நீலப் பெயின்ட் மேலேறி ஒட்டியிருக்கிறது. கம்பெனியில் முதலில் டயலுக்கு நிறம் ஏற்றி, எல்லாம் முடிந்த பிறகுதான் குறிகளைப் பொருத்துவார்கள். அங்கே பெயின்ட் ஏற வழியே இல்லை.

கடைசியாக எழுத்து. கம்பெனி டயலில், செதுக்கின தகட்டில் மை தடவி, மெத்தென்ற ஒரு திண்டால் ஒற்றி எடுத்துப் பதிப்பார்கள். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு கோடும் ஒரே தடிமனில், லேசாக மேடு தட்டி, முனை கூர்மையாக இருக்கும். உங்கள் டயலில் எழுத்தின் முனைகள் உருண்டு போயிருக்கின்றன.

நான் வைத்திருக்கும் முடிவு: மறுபெயின்ட். ஆனால் படத்தை மட்டும் பார்த்து நூறு சதம் சொல்ல மாட்டேன்.

16 ஜூன்
"அப்படியென்றால் தாத்தாவை ஏமாற்றிவிட்டார்களா?" என்று தம்பி வருத்தத்தோடு கேட்டிருக்கிறார். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று சொல்கிற வாட்சுகள் வேறு வகை. உடைந்த பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து, சிவப்பு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் டயல் அடித்து விற்பதற்கென்றே தயாரித்தவை அவை. உங்கள் வீட்டில் நடந்தது அதுவாக இருக்காது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் டயலுக்குப் பெயின்ட் அடிப்பது சர்வீஸில் ஒரு பகுதி. டவுன் ரத வீதிகளிலும் ஜங்ஷனிலும் ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, கண்ணில் இடுக்கின லென்ஸ் என்று உட்கார்ந்திருந்தவர்களிடம் போனால், "மிஷினைக் கழுவி எண்ணெய் போடட்டா, டயலையும் புதுசாக்கிடட்டா?" என்றுதான் கேட்பார்கள். யாருக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றும்?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கின வெஸ்ட் எண்ட் சோவார் பிரைமா வாட்ச் அது. அப்பாவுக்கு வந்தது. டயல் மங்கி, ஓரம் பழுப்பாகிக் கிடந்தது. ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தார், கேட்காமலேயே வெள்ளை வெளேரென்று பெயின்ட் அடித்துத் தந்துவிட்டார்கள். அப்பா சந்தோஷமாகக் கட்டிக்கொண்டார். எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை. பலர் நினைப்பது போல, பழைய டயல் அந்தப் பெயின்டுக்கு அடியில் பத்திரமாக இல்லை. எழுத்தைச் சுரண்டி, நிறத்தைக் கரைத்து, வெறும் பித்தளைத் தகடாக்கின பிறகுதான் புதுப் பெயின்ட் ஏறும். தாத்தா கொழும்பில் பார்த்து வாங்கின முகம் உலகத்தில் எங்குமே இல்லை.

அதனால்தான் யார் கேட்டாலும் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். கண்ணாடியை மாற்றுங்கள், ஸ்பிரிங்கை மாற்றுங்கள், டயலை மட்டும் தொடாதீர்கள்.

21 ஜூன்
மிஷின் படம் வந்துவிட்டது. நல்ல செய்தி. சாவிச் சக்கரங்களின் பக்கம் பாருங்கள், ஸ்பிரிங்கைச் சுருட்டி வைக்கும் பீப்பாய் இரண்டு இருக்கிறது. 1962-இல் ஃபேவர் லூபா கொண்டுவந்த 251 மிஷினின் வழி இது. ஒரே பெரிய ஸ்பிரிங்குக்குப் பதிலாக இரண்டு சிறிய ஸ்பிரிங். அதனால் மிஷின் மெல்லிசாக இருக்கும், ஒரு தடவை சாவி கொடுத்தால் இரண்டு நாளைக்குப் பக்கம் ஓடும். டயலில் 'ட்வின் பவர்' என்று போடுவார்களே, அது இதைத்தான். உங்கள் நீல டயலில் அந்தச் சொல் இல்லை என்பதும் ஒரு சின்னத் தடயம். சின்னதுதான், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகடுகளைப் பாலங்கள் என்போம். அவை எல்லாம் ஒரே நிறம். இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு பாலம் செம்பு நிறத்திலும் பக்கத்துப் பாலம் வெள்ளி நிறத்திலும் இருந்தால் இரண்டு மிஷினை உடைத்து ஒன்று செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மிஷினுக்கும் கேஸுக்கும் நடுவில் பிளாஸ்டிக் வளையமோ மடித்த காகிதமோ திணித்திருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை. கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. திருகாணித் தலைகள் இரண்டு மட்டும் காயம் பட்டிருக்கின்றன. பல கை பட்ட மிஷின், ஆனால் மாறாத மிஷின்.

இனி முக்கியமானது. பின்மூடியின் உட்புறத்தை விளக்கில் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். ஊசியால் கீறின பொடி எழுத்து தெரிகிறது.

22 ஜூன்
வந்தது. மூன்று கீறல்கள். ஒன்று வெறும் எண். இன்னொன்று '71' என்று முடிகிறது. மூன்றாவதில் ஒரு தமிழ் எழுத்தும், '84' என்று முடியும் தேதியும்.

இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அபூர்வம். ரிப்பேர்க்காரர்கள் எந்த வாட்சைத் திறந்தாலும் மூடிக்குள் தங்கள் அடையாளத்தைக் கீறி வைப்பார்கள். ஆறு மாதத்தில் நின்றுவிட்டது என்று ஆள் திரும்பி வந்தால், நாம் பார்த்ததுதானா, எப்போது பார்த்தோம் என்று தெரிய வேண்டுமே. அந்தக் கீறலை யாராவது பாலிஷ் போட்டுத் துடைக்க வந்தால் விடாதீர்கள்.

28 ஜூன்
ஆனித் திருவிழாக் கூட்டத்தில் டவுன் பக்கம் போகவே முடியவில்லை, அதனால் இந்தப் பதில் தாமதம்.

தம்பி, வீட்டில் பழைய போட்டோ இருக்கிறதா? தாத்தா ஸ்டுடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை மடியில் முன்னால் நீட்டி வைத்து எடுத்த படம் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. புது வாட்ச் தெரிய வேண்டும் என்றே சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றி விட்டிருப்பார்கள். அந்தப் படம்தான் நமக்கு வேண்டிய சாட்சி. வெளியூர்ப் புத்தகத்திலும் விளம்பரத்திலும் அந்த மாடலைப் பார்க்கலாம். இந்த ஒரு வாட்சைப் பார்க்க முடிவது குடும்பப் படத்தில் மட்டும்தான்.

29 ஜூன்
படம் பார்த்தேன். டயல் வெள்ளையாகத் தெரிகிறது. தம்பி உடனே "அப்போ வெள்ளை டயல்தான், முடிந்தது" என்று எழுதிவிட்டார். கொஞ்சம் பொறுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில், ஸ்டுடியோ விளக்கு நேராகக் கண்ணாடியில் பட்டால் கருநீல டயல்கூட வெள்ளையாகப் பளிச்சிடும். டயலின் நிறத்தை நம்பாதீர்கள், முட்களைப் பாருங்கள். வெளிச்சத்தில் முள் கறுப்பாகக் கோடு போட்டதுபோல் தெரிந்தால் பின்னணி வெளிர் நிறம். முள்ளே தெரியாமல் மொத்தமும் வெள்ளைப் படலமாக இருந்தால் அது கண்ணாடியின் பிரதிபலிப்பு. இந்தப் படத்தில் எனக்கு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. வேறு கோணத்தில் இன்னொன்று தேடுங்கள்.

5 ஜூலை
இதை எழுதும்போது எனக்கே உற்சாகமாக இருக்கிறது. தம்பிக்கு இரண்டாவது படம் கிடைத்திருக்கிறது. திண்ணையில் எடுத்தது, பகல் வெளிச்சம். டயல் வெளிர் நிறம், முட்கள் கறுப்புக் கோடாக, மணிக்குறிகள்கூடத் தெரிகின்றன. இப்போது சந்தேகம் இல்லை.

அதைவிட, படத்தைப் பார்த்ததும் அவர் ஆச்சி சொன்னது: "உங்க தாத்தாதாம்ல நீலக் கலரு அடிச்சு வாங்கிட்டு வந்தாவ. வெள்ள மஞ்சளாப் போச்சுன்னு, உங்க அத்த கல்யாணத்துக்கு முன்னாடி."

அத்தை கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்கச் சொன்னேன். 1984. மூடிக்குள் இருக்கும் கீறலும் அதுதான்.

பாருங்கள், கேஸ், மிஷின், போட்டோ, ஆச்சியின் ஞாபகம், ஒரு ரிப்பேர்க்காரரின் ஊசிக் கீறல் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டன. பணம் கொடுத்து வாங்கும் எந்தச் சான்றிதழும் இவ்வளவு சொல்லாது.

7 ஜூலை
தம்பியின் அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான். "இணையத்தில் வெள்ளி நிற சீ கிங் டயல் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. வாங்கிப் போட்டால் ஒரிஜினல் ஆகிவிடுமா?"

ஆகாது. டயலின் அடியில் இரண்டு கால்கள் இருக்கும். அவை மிஷினில் உள்ள துளையில் இறங்க வேண்டும். மிஷினுக்கு மிஷின் அந்தத் துளையின் இடம் மாறும். பொருந்தாத டயலைக் கால் வெட்டிப் பசை போட்டு ஒட்டுவார்கள், அது அடுத்த சர்வீஸ்காரருக்கு நரகம். பொருந்தினாலும், எல்லாம் கம்பெனிப் பாகமாக இருக்கும், ஆனால் சேர்த்துக் கட்டின வாட்சாகத்தான் இருக்கும். அந்த டயலுக்காக எங்கோ ஓடிக்கொண்டிருந்த இன்னொரு வாட்சை உடைத்திருப்பார்கள் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

9 ஜூலை
முந்தின குறிப்பைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. மிஷின் துருப்பிடித்துச் செத்துப்போன வாட்சிலிருந்து வந்த டயல் என்றால் வாங்கி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. மாட்டிப் பார்க்கலாம்கூட. ஒரு நிபந்தனை: நீல டயலைத் தூக்கிப் போடக்கூடாது. தாத்தா தன் மகள் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு நின்றது நீல டயலைத்தான். விற்கிற நாள் வந்தால் மட்டும், 'மறுபெயின்ட் டயல், கிரவுன் மாற்றியது, மிஷினும் கேஸும் கம்பெனியுடையது' என்று முழுதாகச் சொல்லி விற்க வேண்டும். சொல்லாமல் விற்றால் அங்கேதான் ஏமாற்று ஆரம்பிக்கிறது.

14 ஆகஸ்ட்
சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர் எச்.எம்.டி. பைலட் வாட்சின் படம் அனுப்பியிருக்கிறார். கறுப்பு டயலில் ராணுவச் சின்னம் மாதிரி ஒன்று, கொட்டை எழுத்து. 'ராணுவத்துக்கென்று செய்த அபூர்வ வாட்ச்' என்று சொல்லி விற்றார்களாம்.

ஐயா, நம்ப வேண்டாம். எச்.எம்.டி. கடிகார ஆலை 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கினது. கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு எல்லோருக்கும் அதன்மேல் திடீர் ஆசை வந்தது, விலை ஏறியது, கூடவே கற்பனை டயல்களும் வந்தன. ஜனதா, பைலட் போன்ற சாவி கொடுக்கிற மாடல்களில் உள்ளே இருப்பது பெரும்பாலும் தேய்மானம் குறைக்க 17 சிறு கற்கள் பதித்த அதே மிஷின். அதனால் எந்த டயலை எதில் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம், மிஷினை வைத்துப் பிடிக்க முடியாது. டயல் எழுத்தையும் முட்களின் நீளத்தையும்தான் பார்க்க வேண்டும். நிமிஷ முள் நிமிஷக் கோட்டைத் தொட வேண்டும். உங்களுடையது பாதி தூரத்திலேயே நின்றுவிடுகிறது. வேறு வாட்சின் முள்.

ஜனதா மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. நம் வாத்தியார்கள், மில் ஆட்கள், பஸ் கண்டக்டர்கள் என்று எத்தனை பேர் கையில் பார்த்திருக்கிறேன். அதற்கு இல்லாத பெருமையைச் சேர்க்கத் தேவையே இல்லை.

2 செப்டம்பர்
இருட்டில் ஒளிரும் முட்கள் கம்பெனியுடையவையா என்று எப்படிப் பார்ப்பது எனக் கேட்டவருக்கு: கள்ள நோட்டு பார்க்கும் நீல விளக்கைக் காட்டிவிட்டு அணையுங்கள். முள்ளிலும் டயல் புள்ளியிலும் ஒளி ஒரே மாதிரி இருந்தால் நல்லது. முள் மட்டும் வெகுநேரம் பச்சையாக எரிந்தால் புதுசாகத் தடவியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. அறுபதுகளின் தொடக்கம் வரை தடவினது பெரும்பாலும் கதிர்வீச்சு உள்ள ரேடியம், பிறகுதான் டிரிட்டியம். ஒளி நின்றுவிட்டதால் ரேடியம் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒளிரும் பொடிதான் தேய்ந்து போனது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். அதைச் சுரண்டக் கூடாது, அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, குழந்தைகள் கையில் திறந்த டயலைக் கொடுக்கக் கூடாது.

22 டிசம்பர்
மழை ஓய்ந்து இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. 17, 18 தேதிகளில் பெய்ததை நம் தலைமுறை மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. ஜங்ஷன் பக்கமெல்லாம் ஆற்றுத் தண்ணீர். எல்லோரும் பத்திரமாக இருக்கிறீர்களா என்று முதலில் எழுதுங்கள்.

பீரோவுக்குள் தண்ணீர் போய் வாட்ச் நனைந்தது என்று பலர் கேட்கிறார்கள். அவசரமாகச் சொல்கிறேன். சாவி கொடுக்காதீர்கள், ஓட விடாதீர்கள். கிரவுனை வெளியே இழுத்து வையுங்கள். பின்மூடியைத் திறக்கச் சொல்லி மிஷினை உடனே வெளியே எடுக்க வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் எஃகுப் பாகங்களில் துரு பிடிக்கும். அரிசிக்குள் புதைப்பதால் பயன் இல்லை, சேறும் உப்பும் உள்ளேயே நிற்கும். வெயிலில் வைக்காதீர்கள், முடி உலர்த்தும் மிஷினைக் காட்டாதீர்கள், டயலின் மேல்பூச்சு வெடிக்கும். ஸ்பிரிட், சானிடைசர் எதையும் ஊற்ற வேண்டாம். உள்ளே கற்களைப் பிடித்திருக்கும் அரக்கு அதில் கரைந்துவிடும்.

சீ கிங் தம்பி, உங்கள் வாட்ச் என்ன ஆனது?

24 டிசம்பர்
மாடியில் இருந்ததாம். நல்லவேளை.

6 ஜனவரி 2024
ஏரலிலிருந்து ஒரு தங்கச்சி. அவர் அப்பாவின் ஃபேவர் லூபா இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்திருக்கிறது. மிஷினை ஒருவர் கழற்றிக் கழுவி ஓட வைத்துவிட்டார், இப்படியும் அப்படியும் ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்தின் தண்டை மட்டும் மாற்றினாராம். அது சரிதான், தண்டு மாறினால் ஒன்றும் குறையாது. டயலில் கால்வாசி பூச்சு உரிந்து பித்தளை தெரிகிறது. "பெயின்ட் அடித்துத் தருகிறேன், அப்படியே புதுசு" என்று அவர் கேட்கிறாராம், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

தங்கச்சி, டயலை அவரிடமிருந்து இன்றைக்கே வாங்கிவிடுங்கள். மிஷின் வேலைக்குக் கூலியைக் கொடுத்து, நன்றி சொல்லி, டயலை ஒரு சின்ன டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். துடைக்க வேண்டாம், பிரஷ் போட வேண்டாம், விரல் வைக்க வேண்டாம். உரிந்த ஓரம் விரல் பட்டால் இன்னும் கொட்டும். எழுத்து இருக்கும் பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் படம் எடுத்துப் போடுங்கள். பெயரும் 'ஸ்விஸ் மேட்'டும் மிச்சம் இருந்தால், உரிந்தது உரிந்தபடியே மறுபடி மாட்டச் சொல்லலாம்.